அமாவாசைக் கணக்கு

14 நாளுக்கு ஒரு தரம் ஊசி போட வேண்டும் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து சொன்னதும், எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அதைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டாள். "அப்போ அமாசைக்கு ஒண்ணு, பௌர்ணமிக்கு ஒண்ணு." அமாவாசைக் காலையில் தலைக்குக் குளித்து, காக்கைக்குச் சோறு வைத்த கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்து ஊசிப் பெட்டியை எடுத்துத் திண்ணையில் வைப்பாள். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. போடுவதற்கு முன் அரை மணி நேரம் வெளியே இருந்து குளிர் விட வேண்டும். அந்த அரை மணி நேரமும் அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், பூனை தட்டிவிடாமல்.

அமாவாசையிலிருந்து பௌர்ணமி 14 நாளைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் அம்மாவின் கணக்குப்படி போனால் வருஷத்துக்கு 26 வர வேண்டிய ஊசி 25-இல் நின்றது. டாக்டரிடம் சொன்னேன். ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை, மறக்காமல் போடுவதுதான் முக்கியம் என்றார். அம்மாவின் கணக்கே நிலைத்தது.

நான் ரிஷிவந்தியத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் போடுகிற ஊர்ப்பக்கம். கோடையில் கிணற்று மட்டம் இறங்க இறங்க மோட்டார்கள் எரியும். காயில் கருகிய மோட்டாரைச் சாக்கில் கட்டி டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வைத்துக்கொண்டு வருவார்கள். தரையில் சம்மணம் போட்டு, குனிந்து, பழைய கம்பியை வெட்டி எடுத்துப் புதுக் கம்பியைக் காடியில் ஒவ்வொரு சுற்றாக இறக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிகிற வேலை. ஆகவே 2009-இல், என் 23-ஆவது வயதில் இடுப்பு வலி வந்தபோது வேலையால் வந்தது என்றே எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

ஆனால் அந்த வலியில் ஒரு வழக்கத்துக்கு மாறான குணம் இருந்தது. படுத்தால் கூடும், வேலை செய்தால் குறையும். விடியற்காலை மூன்று மணிக்கு என்னை எழுப்பிவிடும். எழுந்து திண்ணையில் நடந்தால் ஆறும். காலையில் ஒரு மணி நேரம் முதுகு பலகையாக இருக்கும், பத்து மணிக்குமேல் யாரும் என்னை நோயாளி என்று சொல்ல முடியாது. வேலை செய்தால் சரியாகிற வலியை யாரிடம் போய்ச் சொல்வது? டிஸ்க் என்றார்கள், பெல்ட் போட்டேன். இழுவை வைத்தார்கள், படுத்தேன். முடக்கறுத்தான் கீரையை அம்மா தோசை மாவில் அரைத்தாள், ரசம் வைத்தாள், எண்ணெய் காய்ச்சினாள். கல்வராயன் மலையிலிருந்து மோட்டார் கொண்டுவருகிற ஒரு பெரியவர் மலைத்தேனும் கடுக்காயும் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் அன்போடு கொடுத்தார்கள், அன்போடு சாப்பிட்டேன். 2011 தேர்தலில் விஜயகாந்த் எங்கள் தொகுதியில் நின்று ஜெயித்தார். ஓட்டு எண்ணிய மே 13 அன்று ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. நான் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நோயைக் கண்டுபிடித்தது கண் டாக்டர். 2015-இல் ஒரு நாள் வலது கண் ரத்தமாகச் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசி, பார்வை மங்கியது. கண்ணைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி கண்ணைப் பற்றியது அல்ல: "காலையில எழுந்திருக்கும்போது இடுப்பு பிடிச்சுக்குதா?" ஆறு வருஷமாக யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கண்ணின் உள்ளே வருகிற இந்த அழற்சியும் முதுகுத்தண்டு அழற்சியும் சேர்ந்து வருவது உண்டு என்று சொல்லி, புதுச்சேரியில் வாத நோய்ப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தத்தில் ஹெச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. இடுப்பெலும்பு மூட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே முதுகுத்தண்டின் மூட்டுகளைத் தாக்குகிறது. ஆறாத புண்ணின் மேல் காலப்போக்கில் எலும்பு வளர்ந்து கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எக்ஸ்ரேயில் அது மூங்கில்போலத் தெரியும் என்பதால் டாக்டர்கள் மூங்கில் முதுகு என்றே சொல்வார்கள்.

அந்தப் பிரிவின் டாக்டர் என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். குதிகால், முதுகு இரண்டும் சுவரில் ஒட்டியிருந்தன. தலை ஒட்டவில்லை. பிடரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் நுழைந்தது. குனியச் சொல்லி விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்தார். மூச்சை இழுத்து விடச் சொல்லி மார்பு எவ்வளவு விரிகிறது என்று டேப் வைத்துப் பார்த்தார். என் வியாதியை ஒருவர் அளந்து எண்ணில் சொன்னது அன்றுதான் முதல் முறை. அந்த இடைவெளியை வீட்டுச் சுவரிலும் மாதம் ஒரு தரம் பார்க்க ஆரம்பித்தேன். மனைவி விரல் வைத்துப் பார்த்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுவாள்.

முதலில் மாத்திரையும் உடற்பயிற்சியும். போதவில்லை. பிறகுதான் அடாலிமுமாப் என்ற ஊசி. இதை பயாலஜிக் என்கிறார்கள். ரசாயனத்தைக் கலந்து செய்கிற மருந்து அல்ல, உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிடமிருந்து எடுப்பது. அழற்சியை மூட்டிவிடுகிற டி.என்.எஃப். என்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து மடக்கும். இந்த வழியைத் திறந்தவர்கள் லண்டனில் வேலை செய்த மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இருவர். மைனி பிறந்தது நம் லூதியானாவில். 1992-இல் முடக்குவாதக்காரர்களுக்கு முதன்முதலில் இவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அடாலிமுமாப் 2002 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலைக்கு என் போன்றவர்கள் பக்கத்தில்கூடப் போக முடியாது. 2014 டிசம்பரில் ஆமதாபாத்தின் ஜைடஸ் காடிலா கம்பெனி அதற்கு இணையான மருந்தை உலகிலேயே முதலாவதாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு, ஊசி ஒன்று ஏறக்குறைய 200 டாலர். அது வந்திராவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஐந்தில் ஒரு பங்கும் எனக்குப் பெரிய தொகைதான். மாதத்துக்கு இரண்டு ஊசி என்றால் கடையின் மாத வருமானமே அதுதான். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பெங்களூரில் கட்டட வேலை பார்த்த தம்பி மாதம் ஒரு ஊசிக்கு அனுப்பினான்.

ஊசிக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டி.என்.எஃப். என்பது உடம்புக்குள் உறங்குகிற காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கட்டிய வேலி மாதிரி. அதை மடக்கினால் கிருமி வெளியே வந்துவிடலாம். எங்கள் தாத்தா அந்த நோயில்தான் போனார். என் கையில் போட்ட சோதனை ஊசி தடித்தது. அதனால் ஒரு மாதம் தடுப்பு மாத்திரை சாப்பிட்ட பிறகே, 2016 ஆடி அமாவாசையில், முதல் ஊசி.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் நான் எழுந்திருக்கவில்லை. ஆறு மணிக்கு அம்மா பயந்துபோய் வந்து தொட்டுப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தேன். ஏழு வருஷத்தில் மூன்று மணி என்னை எழுப்பாத முதல் இரவு அது. அந்த வருஷம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகம் பார்க்கப் போனோம். தேன் வழியும்போது லிங்கத்தில் அம்மன் உருவம் தெரியும் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, கொடிமரத்துக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன், யார் கையையும் பிடிக்காமல் எழுந்தேன். அம்மா சாமியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவரில் இரண்டு விரல். வலி இல்லை. ஆகவே 2017 ஆகஸ்டில் நானாகவே ஊசியை நிறுத்தினேன்.

டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அடகுக்காரரிடம் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. நோய்தான் போய்விட்டதே, இனி எதற்கு என்று வீட்டில் நான்தான் வாதாடினேன். நிறுத்திய பிறகு ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் ஆகவில்லை. பார்த்தாயா என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கு அன்று தெரியாதது இது: அடாலிமுமாப் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கடைசி ஊசியின் மிச்சம் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். நான் ஊசி இல்லாமல் நன்றாக இருந்ததாக நினைத்த நாட்கள் ஊசியின் நாட்கள். மோட்டார் சுவிட்சை அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றுகிற மாதிரி. அந்தத் தொழிலில் இருக்கிற எனக்கே இது உறைக்கவில்லை.

ஐப்பசி மழையில் மூன்று மணி திரும்பி வந்தது. முதலில் மழைக் குளிர் என்றேன். பிறகு காலைப் பிடிப்பு அரை மணி, ஒரு மணி. கார்த்திகையில் வலது கண் சிவந்தது. சுவரில் மூன்று விரல்.

திரும்பவும் மூன்று பஸ் மாறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போய், டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பணமா, பயமா, இல்ல சரியாப்போச்சுன்னு நெனச்சீங்களா?" மூன்றும் என்றேன். அதை எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "விட்டு விட்டுப் போட்டா உடம்பு இந்த மருந்தையே அந்நியமா நெனச்சு எதிர்ப்பு உண்டாக்கிடலாம். மறுபடி போடும்போது வேலை செய்யாமப் போகலாம். உங்களுக்கு வேலை செய்யணும்னு நானும் வேண்டிக்கிறேன்." அடுத்த தடவை நிறுத்தத் தோன்றினால் முதலில் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும், நிறுத்தவே கூடாது என்று தான் சொல்ல மாட்டேன், சேர்ந்து குறைக்கலாம் என்றார். குறைப்பது என்று ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போடுவது, நிறுத்துவது என்ற இரண்டு மட்டும்தான் என் மனதில் இருந்தன.

2018 தையில் மறுபடி ஆரம்பம். மருந்து வேலை செய்தது. ஆனால் முதல் தடவை மூன்றே ஊசியில் கிடைத்த தூக்கத்துக்கு இந்தத் தடவை ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் வேறு சில கம்பெனிகளும் இந்த மருந்தைச் செய்யத் தொடங்கி விலை இறங்கியிருந்தது. சங்கிலியை மீட்டோம். 2019-இல் சுவரில் இரண்டு விரல். அதற்குக் கீழே அது போகவே இல்லை. எலும்பாகிவிட்டது எலும்புதான், மருந்து அதைக் கரைக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை. ஏப்ரல் முதல் வாரத்து ஊசி வீட்டில் இல்லை. விழுப்புரம் வரை போய்வருகிற பால் வண்டிக்காரர் ஒருவர், தெரிந்த மருந்துக் கடையில் சொல்லிவைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து வாங்கிவந்து கொடுத்தார். அவருக்கு நான் பட்ட கடன் தீராது. அதற்குள் 24 நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் மூன்று மணிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அந்த வருஷமே இன்னும் இரண்டு தடவை இப்படித் தள்ளிப்போனது, இரண்டு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் டாக்டரிடம் இதைச் சொன்னேன். இந்தத் தடவை ஒளிக்கவில்லை.

அவர் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பார்த்தார், கண்ணைக் காட்டச் சொன்னார், டேப் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். பிறகு ஒரு தாளில் மூன்று கோடு போட்டு எனக்கு விளக்கினார். அந்த வருஷம் வெளியான சி-ஆப்டிமைஸ் என்ற ஆய்வு அது. இதே வகையைச் சேர்ந்த வேறு ஓர் ஊசி. என் நோய் வந்து, மருந்தால் நன்றாக அடங்கியிருந்த 313 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முழு அளவில் தொடர்ந்தவர்களில் 100-க்கு 84 பேருக்கு 48 வாரத்தில் நோய் கிளம்பவில்லை. பாதி அளவாக்கியவர்களில் 79 பேருக்குக் கிளம்பவில்லை. அடியோடு நிறுத்தியவர்களில் 20 பேர் மட்டுமே தப்பித்தார்கள். "நீங்க 2017-ல இந்த மூணாவது கோட்டுல இருந்தீங்க," என்றார். "இப்ப ரெண்டாவது கோட்டுக்குப் போகலாமா?"

ஒரு டாக்டர் என்னிடம் போகலாமா என்று கேட்டது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

முடக்குவாதக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. நெதர்லாந்தில் நடந்து 2015-இல் வெளியான டிரெஸ் ஆய்வில் படிப்படியாக இடைவெளி கூட்டிப் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவரால் ஊசியை முழுக்க விட முடிந்தது. ஐந்தில் இருவருக்கு இடைவெளியைக் கூட்ட முடிந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்சமும் குறைக்க முடியவில்லை. யார் எந்தப் பங்கில் என்பது குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் கூடவே ஒரு டாக்டர் வேண்டும், அளவு வேண்டும், தேதி வேண்டும்.

2021 ஜனவரியிலிருந்து 21 நாளுக்கு ஒன்று. அம்மாவின் கணக்கு உடைந்தது. அமாவாசையிலும் விழாத, பௌர்ணமியிலும் விழாத ஊசியை எப்படி நினைவில் வைப்பது? இரண்டு நாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டை எடுத்தாள். ஒன்றில் 21 புளியங்கொட்டை. தினம் விளக்கு வைத்ததும் ஒன்றை எடுத்து மற்றதில் போடுவாள். முதல் பாட்டில் காலியானால் ஊசி. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

ஆகஸ்டில் 28 நாள். "பௌர்ணமிக்கு மட்டும்" என்று அம்மா மகிழ்ந்தாள், ஆனாலும் பாட்டிலை விடவில்லை. பௌர்ணமிக்கு மணலூர்ப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை கிரிவலம் போகிற பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் தெரு ஆட்கள் அதில் தொற்றிக்கொண்டு போவார்கள். நான் வீட்டில் தொடையில் ஊசி போட்டுக்கொள்வேன்.

அடுத்த படியை எடுத்தது என் ஆசையால். 42 நாள். டாக்டர் உடனே சம்மதிக்கவில்லை. என்னென்ன தெரிந்தால் 42 நாள்வரை காத்திருக்காமல் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, 2022 மாசியில் ஒத்துக்கொண்டார். முதல் சுற்று சரியாகப் போனது. இரண்டாவது சுற்றில் 35-ஆம் நாள் கரியாலூரில் ஒரு மோட்டார் இறக்கப் போனேன். கச்சிராயபாளையத்திலிருந்து மேலே ஏறுகிற வளைவுகளில் பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க முயன்றேன். கழுத்து திரும்பவில்லை. உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரிந்தது. வலி என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. 2017-ஆக இருந்தால் வெயிலைச் சொல்லியிருப்பேன், தலையணையைச் சொல்லியிருப்பேன். அன்று அங்கிருந்தே கடைப் பையனுக்கு ஃபோன் செய்து, "என்னால இன்னிக்கு இறக்க முடியாது, நீ கிளம்பி வா" என்றேன். "என்னண்ணா ஆச்சு?" என்றான். "ஊசி நேரம்" என்றேன். மறுநாள் புதுச்சேரி.

சி.ஆர்.பி. ஏறியிருந்தது. இரண்டு மாதம் மறுபடி 14 நாளுக்கு ஒன்று, அடங்கியதும் 28-க்குத் திரும்பினோம். கண் சிவக்கவில்லை. சீக்கிரம் வந்ததால் சீக்கிரம் அடங்கியது என்றார் டாக்டர். 42-ஐ எட்டாததில் எனக்குச் சில நாள் வருத்தம் இருந்தது. அம்மாதான் கேட்டாள்: "மாசம் ரெண்டு போட்டுக்கிட்டிருந்த. இப்ப ஒண்ணு. இதுல என்னா கொறைஞ்சுபோச்சு?"

எங்கள் பக்கத்தில் இந்த நோய் இருப்பவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் என்பது கடைக்கு வருகிறவர்களிடம் பேசப்பேசத் தெரிகிறது. போன மாதம் ஒரு பையன், வயது 26 இருக்கும், மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தான். அந்த நிமிர்வு எனக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொண்டிருந்தானாம். சரியாகிவிட்டது என்று நிறுத்தி ஏழு வாரம் ஆகிறதாம். இப்போது எப்படி இருக்கிறது என்றேன். "நல்லாத்தான்ணா இருக்கேன்" என்றான். ஏழு வாரம் நன்றாக இருப்பதற்கு என்ன காரணம் என்று அவனுக்கு உட்கார்ந்து சொன்னேன். அவன் மோட்டாருக்கு அன்று கூலி வாங்கவில்லை, பதிலுக்கு டாக்டரிடம் போவதாகச் சொல்ல வைத்தேன். திங்கட்கிழமை போனான்.

நேற்று மாதக் கடைசி. சுவரோரம் நின்றேன். மனைவி விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்.